கொம்பில்லாத வில்லி

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கே ஒரு டிவிதான். அது பெரியப்பா வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவப்புப் போர்வை கட்டிய ஒருவன் பறந்து வந்து, கொம்பு முளைத்த அரக்கர்களை அடித்து நொறுக்குவான். பேசுவதெல்லாம் இந்தி. பெரியப்பா இந்தி தெரிந்தவர்போல, தமக்குத் தோன்றிய இடத்திலெல்லாம் சிரிப்பார். உண்மையில் அந்த வீட்டில் இந்தி தெரிந்தது அவருடைய ஒரே மகளுக்கு மட்டும்தான். விழுப்புரத்தில் காலேஜ் படித்தபோது அக்கா ஒரு டீச்சரிடம் இந்தி கற்றிருந்தாள். அரக்கன் வாயைத் திறந்தால் அவள் குரலில் தமிழ் வரும். கல்யாணமாகி அவள் வானூர்ப் பக்கம் போன பிறகு நாங்கள் ஊமைப்படம்தான் பார்த்தோம்.

ஆடிக்கு அக்காவை அழைத்து வந்தார்கள். ஆவணி பிறந்ததும் திரும்பப் போகமாட்டேன் என்றாள். புதுசில் அப்படித்தான் இருக்கும் என்றாள் பெரியம்மா. அக்கா காரணம் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் பெரியப்பாவுக்கு வெளியே அவசர வேலை வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துப்போக மாமியார் வந்தார். எமகண்டத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டுமென்று பேச்சு. அதற்குள் தொடர் ஆரம்பித்துவிட்டதால் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். மாமியார் என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, வேகவைத்த மல்லாட்டையை உரித்து உரித்துக் கடலைப் பருப்பை என் கையில் போட்டார். இவ்வளவு அன்பானவரிடம் போக அக்காவுக்கு என்ன கேடு என்று எனக்குக் கோபமே வந்தது.

அந்த வாரம் அரக்கனே வரவில்லை. சாதாரண வீடு ஒன்றில் ஒரு அம்மாளும் மகனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கொம்பு எங்கக்கா?"

"இந்த வாரம் மனுசங்கதாண்டி" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் ஏதோ சொன்னாள். அக்கா தமிழில் சொன்னாள்: "மருமவள வெறகு ரூம்ல வச்சிப் பூட்டிட்டேன், காலையில தொறந்தா போதும்ங்கறா."

மகன் கப்பைக் கீழே வைத்தான். "சத்தம் போட்டா தண்ணியும் குடுக்காதன்றான்."

கொம்பு வைத்தவர்கள் யாரும் என்னை அப்படிப் பயமுறுத்தியதில்லை. "அவங்கப்பா வந்து இட்டுக்கினு போமாட்டாரா?" என்று கேட்டேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வருவாரு. நல்லா இருக்கியான்னு இவங்க எதிர்லயே கேப்பாரு. டீ குடிச்சிட்டுப் போயிடுவாரு."

பெரியப்பா வழக்கம்போலச் சிரித்தார்.

என் கையில் மல்லாட்டை விழுவது நின்றுபோயிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மாமியார் டிவியைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உரிக்கத் தொடங்கினார்.

கடைசியில் சிவப்புப் போர்வைக்காரன் சுவரை உடைத்துக்கொண்டு வந்து நெடுநேரம் பேசினான். அக்கா வாயே திறக்கவில்லை.

"என்னக்கா சொல்றான்?"

"தெரியலடி."

"நல்லா கத சொல்ற" என்றார் மாமியார். "கெளம்பு கண்ணு, எமகண்டம் வந்துடும்."

மாசியில் சேதி வந்தது. தண்ணீர் இறைக்கப் போன அக்கா கிணற்றில் தவறி விழுந்துவிட்டாளாம். சாவுக்குப் போயிருந்தபோது மாமியார் என்னைக் கட்டிக்கொண்டுதான் அழுதார். நானும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பின்னாளில் வேலைக்காக வடக்கே போய் நானும் இந்தி கற்றுக்கொண்டேன். ஒருநாள் பழைய தொடர்களை மறுபடி போட்டார்கள். அதே வீடு, அதே டீ. அம்மாளும் மகனும் கலப்பட மருந்தை எந்த லாரியில் ஏற்றுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையில் விறகு ரூமும் இல்லை, மருமகளும் இல்லை. டிவியை நிறுத்திவிட்டேன்.

அன்றைக்கு அக்கா சொன்னதெல்லாம் டிவிக் கதைதான் என்று பெரியப்பா, பெரியம்மா, நான் எல்லோரும் நம்பினோம். அது டிவியில் வரவில்லை என்று அப்போதே தெரிந்தவர், ஒரு வார்த்தை இந்தி தெரியாத அந்த மாமியார் மட்டும்தான்.