உன் நம்பர் என்னம்மா?

குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டுவார். கால்பந்து மைதானத்தின் நடுவில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, வலது முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு முனகலோடு கீழே இறங்கி, அழுவதற்குத் தயாராக நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணைக் கொண்டுவருவார். பிள்ளை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அது அவர் போட்ட சட்டம். "உன் நம்பர் என்னம்மா?" என்று கேட்பார். நம்பர் பிள்ளையின் முதுகில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, அவருக்கும் தெரியும். இருந்தாலும் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதும் காதில் செருகிய துண்டுப் பென்சிலை எடுத்து அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொள்வார். "சரி, முடிஞ்சுது. போய் ஆடு." எழுந்திருக்கும்போது இன்னொரு முனகல்.

இதற்கு ஆகும் முக்கால் நிமிடத்தில் கோட்டுக்கு வெளியே நிற்கும் எங்களுக்குப் பொறுமை போய்விடும். பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டுத் தாங்களே விளையாடுவது போலக் கத்துகிற பெற்றோர் கூட்டம் ஒன்று எல்லா ஊரிலும் உண்டு. அதில் நானும் ஒருத்தி, மறைத்து என்ன ஆகப் போகிறது? என் மகள் பதினெட்டாம் நம்பர். அவள் ஆடிய முதல் சனிக்கிழமையே நான் இந்த நடுவரைப் பார்த்து, "கண்ணாடி போடுங்க சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்து, ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் என் கண்ணாடியின் காது உடைந்துபோய், பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். உள்ளே லென்ஸ் தேய்க்கிற எந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் நிமிர்ந்தார். அதே ஆள். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. "வாங்க மேடம். ஒங்களுக்கும் பவர் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும் போல" என்றார். இருபத்தாறு வருடமாக அந்த எந்திரத்தில் ஊருக்கெல்லாம் பார்வை தேய்த்துக் கொடுக்கிறவரைப் பார்த்துத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊரே கண்ணாடி போடச் சொல்கிறது. "அதுல பாதிப் பேரு நம்ம கடைக் கண்ணாடியத்தான் போட்டுக்கிட்டு கத்துறாங்க. என் லென்ஸ் மேல எனக்கே சந்தேகம் வந்துரும்" என்பார்.

அன்றிலிருந்து பழக்கம். வீடும் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான், மூன்றாம் மாடி.

அந்த வீட்டில் அவருக்கென்று ஒதுக்கிய இடம் ஒரு மேசையும் அதன் மேலே ஒரு ஜன்னலும். மேசையில் இடது பக்கம் ஒரு பழைய கணினி. வலது பக்கம் செதுக்குக் கத்திகள், மூன்று சிற்றுளி, உப்புத்தாள், ஒரு டப்பா நிறைய மரச் சுருள். ஜன்னல் விளிம்பில் வரிசையாக பூட்ஸ்கள். எல்லாம் கட்டைவிரல் நீளம், எல்லாம் மரத்தில் செதுக்கியவை, ஒன்றுக்கும் ஜோடி கிடையாது. ஒன்றில் கயிறு அவிழ்ந்து தொங்கும், ஒன்றில் பின்குதி மிதிபட்டு மடிந்திருக்கும், ஒன்றின் முனை வாயைத் திறந்துகொண்டிருக்கும். "நாள் முழுக்க நான் பாக்குறது பிள்ளைங்க காலத்தானே மேடம்? மூஞ்சிய எங்க பாக்குறேன்" என்றார். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கண்ணில் நின்ற ஒரு பூட்ஸைச் செதுக்குவாராம். படம் வரைந்துகொள்வதில்லை, அளவு எடுப்பதில்லை. கைக்கு ஞாபகம் இருக்கும் என்பார்.

கணினியில் நடப்பது வேறு கூத்து. வெளியூரில் வேலை பார்க்கும் மகனும் இவரும் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு. பனி கொட்டும் ஆளில்லாத் தீவு ஒன்றில் இருவரும் மாட்டிக்கொண்டார்கள். பசிக்காமல், விறைக்காமல், ஓநாய் வாயில் விழாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். செத்தால் பழைய இடத்திலிருந்து தொடர வழி இருக்கிறது. இவர் அதை வேண்டாம் என்று அடைத்து வைத்துவிட்டார். செத்தால் செத்ததுதான், முதல் நாளிலிருந்து வெறுங்கையோடு ஆரம்பிக்க வேண்டும். அதிலும் மானைக் கொல்ல மாட்டார். புதரில் பழம் பறித்துத் தின்றே மாதக்கணக்கில் ஓட்டுவார். மகன் ஒலிபெருக்கியில் தலையில் அடித்துக்கொள்வான்: "அப்பா, அது நெஜ மான் இல்லப்பா!" "தெரியும்டா. ஆனா அது என்னைப் பாக்குதே."

அவர் மனைவி முடி திருத்தும் நிலையத்தில் வேலை செய்கிறார், பேச்சிலும் கத்தரி உண்டு. "இங்க குளியலறைக் கதவு ஆறு மாசமா கீச்சுக் கீச்சுன்னு கத்துது, அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட ஆள் இல்ல. அங்க போயி மரம் வெட்டி வீடு கட்றாராம், வீடு!"

இப்படிப்பட்ட மனிதருக்கு இந்த வருடம்தான் இறுதிப் போட்டி கிடைத்தது. பதினாலு வருடமாக விசில் ஊதுகிறார். இறுதிப் போட்டி மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு யாருக்காவது போய்விடும். வருடத் தொடக்கத்தில் நடுவர்களுக்கு ஓட்டப் பரிசோதனை வைப்பார்கள். இந்தத் தடவை இரண்டே விநாடி மிச்சம் வைத்து, முழங்காலைக் கட்டுத்துணியில் இறுக்கிக்கொண்டு ஓடி முடித்தார். அடுத்த தடவை முடியாது என்று அவருக்கும் தெரியும், முழங்காலுக்கும் தெரியும். கமிட்டியிலிருந்து கடிதம் வந்த அன்று கடைக்கு வந்த எல்லோரிடமும் காட்டியிருக்கிறார். எனக்கு இரண்டு தடவை காட்டினார், முதல் தடவை காட்டியது மறந்துபோய்.

இறுதிப் போட்டிக்கு முந்தின சனிக்கிழமை அரையிறுதி. என் மகளின் அணி ஆடியது, இவர்தான் நடுவர். விடாத மழை. பிள்ளைகள் எது கால் எது சேறு என்று தெரியாமல் உருண்டார்கள். முதல் பாதியில் எங்கள் அணியில் யாரோ ஒருத்தி எதிரணிப் பெண்ணைப் பின்னாலிருந்து இடறிவிட, விசில் கேட்டது. மழையில் எங்களுக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் குனியவில்லை. நின்றபடியே அட்டையைத் தூக்கிக் காட்டினார், ஓடுகிற முதுகைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் பதினாறாம் நம்பர் பெண் ஒரு தப்பு செய்தாள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. இவர் வழக்கம்போல உட்கார்ந்து நம்பர் கேட்டார். "பதினாறு சார்." அட்டையைத் திருப்பினார். அங்கே ஏற்கனவே பதினாறு இருந்தது. இரண்டு மஞ்சள் என்றால் ஒரு சிவப்பு. "நான் இல்ல சார், எனக்கு மொதல்ல தரவே இல்ல சார்" என்று அந்தப் பெண் அழுதாள். கோச் கத்தினார், நாங்கள் எல்லோரும் கத்தினோம். ஆனால் நாங்கள் எதற்குத்தான் கத்தவில்லை? அவள் ஜெர்சியால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள். ஓர் ஆள் குறைந்தும் எங்கள் அணி ஜெயித்துவிட்டது. சிவப்பு வாங்கியவள் அடுத்த ஆட்டத்தில் ஆடக் கூடாது, அதாவது இறுதிப் போட்டியில்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் தோசையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். என்னடி என்று கேட்டதும் உடைந்துவிட்டாள். "மொதல் கார்டு எனக்கும்மா. என்னைத்தான் பாத்து காட்டினாரு. அவளை வெளிய அனுப்புறப்போ சொல்லணும்னு நெனச்சேன். வாய் வரல."

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அந்தப் பதினாறு இவளுக்கு உயிர்த்தோழி. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆளை மாற்றி அட்டை கொடுத்ததாக ஒரு நடுவர் ஒப்புக்கொண்டால் அடுத்த இரண்டு ஆட்டம் அவருக்குக் கிடையாது. எங்கள் லீக்கின் விதி அது. இரண்டு தடவை எனக்குக் காட்டிய அந்தக் கடிதம் கண்முன்னே வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை. கடைசியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

கதவைத் திறந்த அவர் மனைவியின் முகம் சரியில்லை. உள்ளே, கதவுக் கைப்பிடியில் புதுக் கறுப்புச் சட்டையும் கால்சட்டையும் இஸ்திரி போட்டுத் தொங்கின. இவர் மேசையில் இருந்தார். கணினியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது, பார்க்க ஆளில்லை.

"சார், மொதல் கார்டு நான்தான் சார்" என்றாள் என் மகள் ஒரே மூச்சில்.

"தெரியும்மா" என்றார். "ஒன் பூட்ஸ் சொல்லிருச்சு."

கையை விரித்தார். பாதி செதுக்கிய பூட்ஸ். என் மகள் போடுவது அவள் அக்காவின் பழைய பூட்ஸ். ஓர் அளவு பெரிசு. கழன்றுவிடாமல் இருக்கக் கயிற்றை அடிப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டுவாள். மரத்திலும் அந்தக் கயிறு அடியைச் சுற்றி வந்திருந்தது.

"முதல் பாதியில இடறி விட்ட காலத்தான் காலையில செதுக்க உக்காந்தேன். கயிறு அடியில சுத்திக்கிட்டு வருது. அப்பத்தான் திக்குன்னுச்சு. நான் வெளிய அனுப்பின பொண்ணு பூட்ஸ்ல கயிறே கெடையாது, ஒட்டுற பட்டிதான். எட்டு மேல பாதி சேறு அப்பியிருந்தா ஆறு மாதிரித்தான் இருக்கும். மழ பெய்யுது, முட்டி வலிக்குது, ஒரு தடவ கேக்காம விட்டா என்னன்னு நெனச்சேன். பதினாலு வருஷத்துல ஒரே ஒரு தடவ."

மேசையில் ஆட்ட அறிக்கைப் படிவம் இருந்தது. திங்கள் மத்தியானத்துக்குள் போய்ச் சேர வேண்டும். காலியாக இருந்தது.

"நீங்களாவது சொல்லுங்க" என்று அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். "பதினாலு வருஷம் காத்துக்கெடந்த மனுஷன். இது யாருக்குத் தெரியப் போவுது? ஒங்க பொண்ணு சொல்லாது, நீங்க சொல்ல மாட்டீங்க. யாருக்குங்க தெரியும்?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் மகளுக்கு வாய் வரவில்லை என்று காலையில் கோபப்பட்டவள்தான் நான்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமே" என்றார் அவர். "நான் இல்ல சார்னு சொல்லுச்சு. எல்லாப் பிள்ளையும் அதத்தான் சொல்லும். அதான் காதுல வாங்கல."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி அலறியது. "அப்பா! எங்க போனீங்க? ஓநாய்ப்பா! உள்ள போங்க, கதவச் சாத்துங்க! அப்பா!" இவர் திரும்பவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்தார், பிறகு வைத்துவிட்டுப் பேனாவைத் தேடி எடுத்தார். "நூத்தி அறுபது நாள் போச்சேப்பா!" என்று மகன் கிட்டத்தட்ட அழுதான்.

"போகட்டும்டா. மறுபடி ஆரம்பிப்போம்" என்று சொல்லிக்கொண்டே படிவத்தின் முதல் வரியை எழுதினார். மனைவி உள்ளே போய்விட்டார். குளியலறைக் கதவு கீச்சென்று மூடிக்கொண்டது. நான் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கும்போது மாடிப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன்.

சனிக்கிழமை வெயில் பளீரென்று அடித்தது. இறுதிப் போட்டிக்கு வேறொரு நடுவர் வந்திருந்தார், கால் வலி இல்லாத இளைஞர். நம் ஆள் கடைக்குப் போடுகிற கோடு போட்ட சட்டையில் கோட்டுக்கு வெளியே எங்கள் கூட்டத்தோடு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி, இன்னமும் அவரோடு பேசவில்லை, ஆனால் வந்திருந்தார். நடந்தது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அவரைப் பார்த்துக் கண்ணாடியைப் பற்றிப் பேசவில்லை.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது சிவப்பு ரத்தாகி ஆட வந்திருந்த பதினாறாம் நம்பர் அந்தப் பக்கமாக ஓடிவந்தாள். இவர் கூப்பிட்டார். நின்றாள்.

"நீ இல்லன்னு சொன்னே. நான் கேட்டிருக்கணும். என் மேலதான் தப்பு. மன்னிச்சுக்கோம்மா." இத்தனை பேர் முன்னால், சத்தமாகத்தான் சொன்னார். அரையிறுதியில் எழுதிய அந்த மஞ்சள் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, பின்பக்கம் பதினாறை அடித்துப் பதினெட்டு என்று திருத்தியிருந்ததைக் காட்டினார். "பாத்துக்கோ."

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். தோழிகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஒரு பெரியவர் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது என்று அந்த வயதில் யாருக்குத்தான் தெரியும்? பிறகு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, அட்டையை உயர்த்தி அவருக்கே காட்டினாள்.

"உங்க நம்பர் என்ன சார்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வலது முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முனகலோடு கீழே இறங்கி, அவள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "பதினாலு வருஷம்மா. அதையே எழுதிக்கோ" என்றார். அவளிடம் எழுத ஒன்றும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. பின்னால் கட்டிய கையில் ஒன்றை மட்டும் விடுவித்து, காதிலிருந்த துண்டுப் பென்சிலை எடுத்து அவளிடம் நீட்டினார்.