நாற்பத்தோராவது வரி

நடந்ததைத்தான் எழுதுகிறேன். நேரங்களை அன்றைக்கே ஒரு தாளில் குறித்து வைத்துவிட்டேன், அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. சந்தேகம் வருகிறவர்களுக்கு வரட்டும். அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம், நான்கு பேரையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். வாசலைப் பார்த்தபடி மேஜைக்குப் பின்னால் நான், ஷஃபாயெத். முகாமின் சுகாதாரப் பதிவுகளைக் கணினியில் ஏற்றிச் சரிபார்ப்பது என் வேலை. எனக்கு வலது பக்கம், மருந்துப் பெட்டியின் மேல், எங்களுக்கெல்லாம் அக்கா முறையான மருத்துவச்சி தஹ்மினா ஆபா. எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் ஷொம்ஷிதா. வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளை எடை பார்க்கும் ரோஹிங்யாப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வாசற்படியில், ஈரக் குடையை மடியில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் சித்தப்பா முறையான காவல்காரர் ஜாஃபர் ஆலம் சாச்சா. என் இடது பக்க மூலையில் யாரும் இல்லை. அங்கே கூரை மூங்கிலிலிருந்து குழந்தைகளை எடை போடும் தராசு தொங்கும். வட்டமான முகம், அதில் ஒரு முள், கீழே குழந்தையைப் போடும் துணிப்பை.

வங்கதேசத்தின் உகியா அகதி முகாமில், ஜூலை மாதத்தில், ஒரு வியாழக்கிழமை பிற்பகல். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மூன்று மணிக்குள் மாத அறிக்கை டாக்கா அலுவலகத்துக்குப் போக வேண்டும். நான்கு மணிக்குள் வெளியாட்கள் எல்லோரும் முகாமை விட்டுக் கிளம்ப வேண்டும். மறுநாளும் அதற்கு மறுநாளும் விடுமுறை.

எங்கள் வேலையில் பட்டியல்தான் எல்லாம். எடை குறைவாகப் பிறந்த குழந்தையை மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபதாம் நாள் போய்ப் பார்க்க வேண்டும். எடை இறங்கினால் ஆம்புலன்ஸ் சீட்டு எழுத வேண்டும். எந்தக் குழந்தையைப் பார்ப்பது என்று ஞாயிறுதோறும் நான் அச்சடித்துக் கொடுப்பேன். அதில் வரி இருந்தால் ஷொம்ஷிதா போவாள். வரி இல்லாவிட்டால் போகமாட்டாள். ஒரு நாளைக்கு முப்பது வீடு, வழியில் நிற்க நேரம் ஏது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே பிள்ளைக்கு ஏழாம் நாள்தான் பெயர் வைப்பார்கள். அதுவரை பதிவில் 'இன்னாருடைய பெண் குழந்தை' என்றுதான் இருக்கும். ஒரே தாய், ஒரே தேதி, இரண்டும் பெண் என்று இரண்டு வரிகள் வந்தால் கணினி மஞ்சள் பூசிக் காட்டும். ஒரே பிள்ளையை இரண்டு தடவை பதிந்துவிட்டார்கள் என்று நான் ஒன்றை அழித்துவிடுவேன். மாதத்துக்கு ஐம்பது அறுபது வரி இப்படிப் போகும். கை தானாகவே அழிக்கும்.

மணி 2:10. ஷொம்ஷிதா காகிதப் பதிவேட்டிலிருந்து அந்த மாதப் பிறப்புகளை வாசித்து முடித்தாள்.

"நாப்பத்தொண்ணு," என்றாள்.

"என்கிட்ட நாப்பது," என்றேன்.

தஹ்மினா ஆபா பொரிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "ஒண்ணை முழுங்கிட்டியா தம்பி? பசிச்சாப் பொரியைத் தின்னு. பிள்ளையைத் தின்னாதே."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

தேடிப் பிடித்தோம். காகிதத்தில் தில்தார் பேகம் என்ற தாயின் பெயரில், ஒரே நாளில், இரண்டு பெண் குழந்தைகள். வீட்டுப் பிரசவம். கணினியில் ஒன்றுதான் இருந்தது. மற்றதை, பதிவான வாரமே நான் அழித்திருக்கிறேன்.

"உனக்கு முன்னால வேலை பாத்த பொண்ணு ரெண்டு தடவை எழுதிட்டா. அடிச்சிடு," என்றேன்.

ஷொம்ஷிதா தயங்கினாள். "அந்த வீட்டுல ரெண்டு தூளி தொங்குது பாய். நான் பாத்தேன்."

"ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு குடும்பம் இல்லாத வீடு இங்க எது? பக்கத்துப் பிள்ளையா இருக்கும்."

"அந்தம்மா என்னமோ சொல்ல வந்துச்சு. நான்தான் மழை வருதுன்னு..."

"ஞாயித்துக்கிழமை போய்க் கேளு. இப்ப அந்த வரியை அடிச்சுக் கோடு போடு."

சாச்சா வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "சீக்கிரம் போடும்மா. நாலு மணிக்கு கேட்டை மூடிட்டா இந்த அண்ணனை உன் மாமியார் வீட்டுலதான் படுக்க வைக்கணும்."

அவள் ஸ்கேலை வைத்துச் சிவப்புக் கோடு போட்டாள். மணி 2:21.

2:34க்குக் கடைசியாக ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். கணினியில் நாற்பத்தொன்று.

கடைசியில் ஒரு மஞ்சள் வரி. தில்தார் பேகத்தின் பெண் குழந்தை. மூன்றாம் நாள் வருகை. எடை 1.9 கிலோ. பதிந்த நேரம் 2:33. பதிந்தவர் ஷஃபாயெத்.

2:33க்கு என் கை பொரிக் கிண்ணத்தில் இருந்தது. இணையமும் 2:05க்கே போய்விட்டது. வெளியிலிருந்து யாரும் பதிந்திருக்க முடியாது.

பழைய வரி எப்படியோ திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அழித்தேன்.

"இந்தத் தராசுக்கு என்ன கேடு?" என்றார் ஆபா. "காலையிலதானே முள்ளைச் சைபர்ல வச்சேன்."

திரும்பிப் பார்த்தேன். துணிப்பை காலியாகத் தொங்கியது. முள் 1.9இல் நின்றது.

"காத்துல ஆடியிருக்கும்."

"காத்தா?" என்றார் சாச்சா. "மழை நூல் பிடிச்ச மாதிரி நேரா விழுது."

2:43. மறுபடியும் அந்த வரி.

ஏழாம் நாள் வருகை. எடை 1.7. இந்தத் தடவை பெயரும் இருந்தது... ரொஃபிகா.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ங்... ங்... என்று. பூனைக்குட்டி மாதிரி. மழைச் சத்தத்துக்கு அடியில், மெலிசாக.

"யாரு பிள்ளையைத் தூக்கிட்டு வந்தது?" சாச்சா எழுந்து வெளியே எட்டிப் பார்த்தார். சேறும் படிக்கட்டும்தான் இருந்தன. ஒரு ஆளும் இல்லை.

அழித்தேன்.

2:51. பதினான்காம் நாள். 1.5.

துணிப்பை இப்போது சப்பையாக இல்லை. அடியில் ஏதோ கிடப்பது போல் உருண்டு தொங்கியது. முள் நடுங்கிக்கொண்டே கீழே வந்தது.

ஆபா பெட்டியிலிருந்து இறங்கிச் சுவரோரம் போய் நின்றார். அவர் உதடுகள் துஆ ஓதின. பொரியை யாரும் தொடவில்லை.

ங்... ங்...

அழித்தேன்.

2:57. இருபதாம் நாள். அன்றைய தேதி. 1.4.

ஷொம்ஷிதா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் அதற்கு முன் என்னைத் தொட்டதே இல்லை.

"அழிக்காதீங்க பாய்."

"மூணு நிமிஷம்தான் இருக்கு."

"அழுவுது பாய்..."

எனக்கும் கேட்டது. அது போய்விட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை.

2:58. அழித்தேன்.

சத்தம் பாதியில் நின்றது.

2:59க்கு இணையம் வந்தது. நாற்பது என்று அனுப்பினேன். போய்விட்டது.

நால்வரும் எழுந்து நனைந்துகொண்டே இறங்கினோம். கதவைப் பூட்டும்போது ஒரு தடவை பார்த்தேன். பை சப்பையாகத் தொங்கியது. முள் மட்டும் சைபருக்குத் திரும்பவில்லை. 1.4.

வெள்ளியும் சனியும் எப்படிப் போயின என்று எழுத மாட்டேன். ஞாயிறு காலை 9:40க்கு நானும் ஷொம்ஷிதாவும் தில்தார் பேகத்தின் வீட்டுக்குக் கிளம்பினோம். படி ஏறி, மூங்கில் பாலம் தாண்டி, மறுபடி ஏறினோம். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம்.

உள்ளே இரண்டு தூளிகள். ஒன்றில் குழந்தை தூங்கியது. மற்றதைச் சுருட்டி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

தில்தார் பேகம் எங்களுக்குப் பாயை விரித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை.

"ரெண்டும் ஒண்ணாப் பொறந்துச்சு. இது சொஃபிகா. அது ரொஃபிகா. ஏழாம் நாள் ரெண்டுக்கும் சேத்துதான் பேரு வச்சோம்." முடிச்சுப் போட்ட தூளியைக் கையால் தள்ளினாள். அது லேசாக ஆடியது. "அது பால் குடிக்க மாட்டேன்னுச்சு. இந்தப் பொண்ணு வந்தா எடை பாப்பா, சீட்டு எழுதுவான்னு உக்காந்திருந்தேன். வந்தா. சொஃபிகாவை மட்டும் பாத்தா. நான் வாயெடுக்கிறதுக்குள்ள, லிஸ்டுல ஒண்ணுதான், மழை வருதுன்னு கிளம்பிட்டா."

ஷொம்ஷிதா முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள்.

குழந்தை எப்போது இறந்தது என்று கேட்டேன். முன்பே இறந்திருக்க வேண்டும், ஏழாம் நாளோ பத்தாம் நாளோ இறந்திருக்க வேண்டும் என்று என் மனம் அடித்துக்கொண்டது. அப்படி என்றால் வியாழக்கிழமை வந்தது பேய். பேய் என்றால் அன்றைக்கு நான் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

"வியாழக்கிழமைதான் தம்பி. மூணு மணிக்குக் குழாய்ல தண்ணி விடுவாங்கல்ல... பெரியவளைக் குடத்தோட அனுப்பினேன். அவ படி இறங்குறப்பகூட அது அழுதுட்டு இருந்துச்சு. தண்ணி வர்றதுக்குள்ள... பாதி அழுகையில நின்னு போச்சு."

என் தாளில் நான்கு நேரங்கள் இருக்கின்றன. 2:34. 2:43. 2:51. 2:57.

அந்த நான்கு நேரத்திலும் ரொஃபிகா உயிரோடு இருந்தாள்.

பதினொரு நிமிட நடையில்.

அனுப்பிவிட்ட மாதத்தைக் கணினியில் திருத்த முடியாது. கையால் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, உறையில் வைத்து டாக்காவுக்கு அனுப்ப வேண்டும். அன்று பிற்பகல் அதே மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். ஆபா அதே பெட்டியில், ஷொம்ஷிதா அதே ஸ்டூலில், சாச்சா அதே படியில்.

'பிறப்பு நாற்பது அல்ல, நாற்பத்தொன்று. விடுபட்ட குழந்தையின் பெயர் ரொஃபிகா, தாய் தில்தார் பேகம். இறப்பு ஒன்று, வியாழக்கிழமை, பிற்பகல் 2:58. அவள் வரியை நான்தான் அழித்தேன், ஐந்து தடவை.'

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்ட பக்கத்தின் நகலையும் சேர்த்து மடித்தேன். உறையின் நாக்கில் பசை தடவி ஒட்டினேன். மேலே முத்திரையைக் குத்தினேன்.

வண்டி ஓட்டும் ஷிமுல் பருவா வாசலில் நின்றார். ஒரு கையால் உறையை வாங்கினார். வாங்கிய கை தாழ்ந்தது. இன்னொரு கையையும் கொடுத்தார்.

"உள்ள என்ன பாய்?"

"ரெண்டு காகிதம்."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். வழக்கம்போல் முன்கண்ணாடிப் பக்கம் வீசவில்லை. மடியில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

மூலையில் முள் எங்கே நிற்கிறது என்று நாங்கள் நான்கு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி திருப்பத்தில் மறையும்வரை வாசலிலேயே நின்றோம்.

மணி 2:58.