மணமகள் அறையில் ஒரு குத்துச்சண்டைக்காரர்

மணமகள் அறையின் வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு பெரிய சப்பாத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. ஒரு கைக்குழந்தையை உள்ளே படுக்க வைத்திருக்கலாம். கறுப்புத் தோல், குதிப்பக்கம் தேய்ந்து போனது, இடது காலின் நாடா மட்டும் வேறு நிறம். அறைக்குள் நாங்கள் மாட்டியிருந்த பிள்ளையார் படத்தைக் கண்டுவிட்டு, யாரும் சொல்லாமலே அவர் கழற்றியிருந்தார். நான் கதவைத் தட்டினேன். உள்ளே யாரோ யாருடனோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. திறந்து பார்த்தபோது அவர் தனியாக இருந்தார். மணப்பெண்கள் அலங்காரம் செய்யும் கண்ணாடியைச் சுற்றியிருந்த குமிழ் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில் நாற்பதைத் தாண்டிய ஒரு கறுப்பின அமெரிக்கர், சிவப்பு வெல்வெற் நாற்காலி ஒன்றில், பள்ளிக்கூடத்தில் காத்திருக்கும் பிள்ளையைப் போலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

எங்கள் கல்யாண மண்டபம் ரொறொன்ரோவின் ஓரத்தில், மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் பின்புறம் இருந்தது. மணவறை சோடிப்பதும் மேசை ஒழுங்குகளைப் பார்ப்பதும் என் வேலை. ஊரில், இலங்கையில், போர் முடிந்துகொண்டிருந்த அந்த வசந்தத்தில் எங்களுக்கு வேலையே இல்லாமற்போனது. பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீடுகள், கல்யாணங்கள், பிள்ளைகளின் பிறந்தநாள்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்க யாருக்கும் மனம் வரவில்லை. சனம் போரை நிறுத்தச் சொல்லி நகரத்துத் தெருக்களில் பதாகைகளோடு நின்றது. வெறுமையாகக் கிடந்த அந்த நாள்களில் ஒன்றைத்தான் முதலாளி அண்ணை ஒரு குத்துச்சண்டை ஏற்பாட்டாளருக்குக் கொடுத்திருந்தார்.

“பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பொக்சிங் நடக்கப்போகுது. மணவறையைக் கழட்டிப் பின்னால வையும்,” என்றார்.

“நாடு கிடக்கிற கிடையில உதென்ன வேலை அண்ணை?”

“எனக்கும் விளங்குது. மண்டபத்தைப் பூட்டி வைச்சா அங்க ஆரும் தப்பப்போகினமே?”

நான் மணவறையைக் கழற்றப் போனேன். அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் வன்னிக்குள் இருந்தார்கள். பங்குனி மாதத்தில் யாரோ ஒருவரின் சற்றலைற் தொலைபேசியில் அக்கா ஒரு நிமிடம் பேசினாள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. மண்டபத்து இரைச்சலிலும் கேட்கவேண்டும் என்று என் கைத்தொலைபேசிக்குப் பழைய மேசைத் தொலைபேசியின் மணிச் சத்தத்தை வைத்திருந்தேன். அதை விட்டுப் பிரிந்து நான் குளிக்கவும் போனதில்லை.

ஏற்பாட்டாளர் ஒரு முதிய இத்தாலியர். மேடை கட்டப்படும்போது என் பக்கத்தில் நின்று, கேளாமலே கதை சொன்னார். ஒரு காலத்தில் ஹெவிவெயிற் சாம்பியன் யார் என்று கேட்டால் தெருவில் பேப்பர் போடுகிறவனும் பெயர் சொல்வானாம். அந்தப் பெயர் எப்போதும் ஓர் அமெரிக்கனுடையதாகவே இருக்குமாம். இன்று நான்கு பட்டங்கள் இருந்தும் ஒன்றுகூட அமெரிக்காவில் இல்லை, எல்லாம் கிழக்கு ஐரோப்பாவுக்குப் போய்விட்டன என்றார். அமெரிக்காவில் வளர்த்தியும் பலமுமான பையன்கள் எல்லாம் ஃபுட்போலுக்கும் கூடைப்பந்துக்கும் போய்விட, மிஞ்சியவர்கள் வேறு போக்கிடம் இல்லாதவர்கள். சொந்த மாநிலத்தில் அனுமதி கொடுக்காத வயதில் எல்லை தாண்டி வந்து, தோற்று, இளைஞர்களின் வெற்றிக் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள். “இவரும் அப்படித்தான். முன்பெல்லாம் பன்னிரண்டு பேரோடு வருவார். இன்றைக்கு எல்லைக்கு அப்பால் பஃபலோவிலிருந்து பஸ்ஸில் தனியாக வந்தார்,” என்று மணமகள் அறைப் பக்கம் கைகாட்டினார். அவர் ஒருபோதும் பட்டம் வென்றவரல்லர். ஆனாலும் எல்லோரும் அவரைச் சாம்பியன் என்றே அழைத்தார்கள். அதில் கேலி இருந்ததா மரியாதை இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அப்படியே அழைத்தேன்.

மணமகள் அறையில் சாம்பியன் என்னிடம் முதலில் கேட்டது இது எந்த நகரம் என்பதை. ரொறொன்ரோ என்றேன். தலையாட்டினார். பிறகு, இங்கே சுற்று முடியும் மணி சத்தமாக அடிக்குமா என்று கேட்டார். இடது காது போய்விட்டதாம். அடிக்கும் என்றேன். மூன்றாவதாக, இன்னொரு நாற்காலி கொண்டுவர முடியுமா என்றார். உதவியாள் வரப்போகிறாராக்கும் என்று நினைத்து, அதே போன்ற வெல்வெற் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து அவர் காட்டிய இடத்தில் வைத்தேன். தேநீர் வேண்டுமா என்று கேட்டபோது இரண்டு கோப்பை கேட்டார். ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். மற்றதை அந்த நாற்காலிக்கு அருகே நிலத்தில் வைக்கச் சொன்னார்.

“யார் வருகிறார்?” என்று கேட்டேன்.

“வந்துவிட்டான். எப்போதும் எனக்கு முன்னமே வந்துவிடுவான்.”

அவர் அதை விசித்திரமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப்போலச் சொன்னார். இளமையில், இதே நகரத்தில், ஏரிக்கரைப் பக்கத்துப் பெரிய அரங்கில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் அவர் சண்டையிட்டிருக்கிறார். ஏழாவது சுற்று முடிந்து மணி அடித்தது. சனத்தின் கூச்சலில் அது அவருக்குக் கேட்கவில்லை. எதிராளிக்குக் கேட்டது. அவன் கையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினான். அந்த நேரத்தில் விழுந்த குத்தில் சரிந்தவன் நான்காம் நாள் இறந்துபோனான். “வேண்டுமென்று அடித்தேன் என்று எழுதினார்கள். அன்றிலிருந்து, மிஸ், குத்து வருகிறதா என்று நான் பார்ப்பதில்லை. மணி அடிக்கிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னுடைய தோல்விகள் எல்லாம் அப்படி வந்தவைதான்.”

இன்னொரு முறை இது எந்த நகரம் என்று கேட்டார். நான் வெளியே வந்தேன். பரிசோதிக்க வந்த வைத்தியர் நடைபாதையில் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். இந்த மனிதருக்கு எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியவில்லை என்று நான் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறக்கும்போது வெளியே கார்த் தரிப்பிடத்தில் பிள்ளைகள் வெடி கொளுத்தினார்கள். இங்கே வாணவேடிக்கையோடு கொண்டாடும் விக்ரோரியா தினத்து நீண்ட வார இறுதி அது. எனக்கு வன்னி நினைவு வந்தது. கை தொலைபேசிக்குப் போனது. அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது வைத்தியர் உள்ளே போயிருந்தார். ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்பினார். கோப்பைகளை எடுக்க நான் போனேன். சாம்பியனின் கையிலிருந்த தேநீர் தொடப்படாமல் ஆறி, ஆடை படிந்திருந்தது. நாற்காலிக்கு அருகே இருந்த கோப்பை காலி. அவரே மாற்றிக் குடித்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எல்லோரும் தொலைபேசிகளை நிறுத்தவேண்டும் என்று ஏற்பாட்டாளர் வேலைக்காரர்களிடம் இரண்டு தடவை சொன்னார். நான் நிறுத்தவில்லை. முந்நூறு பேர்வரை வந்திருந்தார்கள். மணவறை நிற்கும் இடத்தில் கயிறு கட்டிய மேடை நின்றது. கூரையில் நாங்கள் தொங்கவிட்ட வெள்ளைத் துணியலங்காரத்தைக் கழற்ற நேரம் கிடைக்கவில்லை. அதன் கீழே சாம்பியனும், இருபத்துமூன்று வயதான ஒரு கிழக்கு ஐரோப்பிய இளைஞனும் நின்றார்கள். முதல் சுற்றில் ஒன்றும் நடக்கவில்லை. பெரியவர் பாரமாக, நிதானமாக, வலது காதை முன்னால் சாய்த்தபடி நகர்ந்தார். நான் சமையல் நடக்கும் குசினிக் கதவடியில் முதலாளி அண்ணைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டாவது சுற்றின் நடுவில் என் தொலைபேசி அடித்தது.

மூன்று முறை அடித்தது. அந்த மண்டபம் முழுவதும் கேட்டிருக்கவேண்டிய சத்தம். மேடையில் சாம்பியன் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கைகளையும் கீழே போட்டார். தன் மூலையைப் பார்த்தல்ல, நான் நின்ற திசையைப் பார்த்து முகத்தைத் திருப்பினார். அந்த முகத்தில் பெரிய ஆறுதல் ஒன்று தெரிந்தது. இளைஞனின் குத்து ஏற்கனவே புறப்பட்டுவிட்டது. அவர் மடங்கி விழவில்லை. நின்றபடியே சரிந்தார்.

நான் அவரிடம் ஓடவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். “அக்கா? அக்கா, கதை. நான்தான்,” என்றேன். யாரும் பேசவில்லை. எங்கோ தொலைவில் பெருங்கூட்டம் ஒன்று முணுமுணுப்பதுபோல ஓர் இரைச்சல் கேட்டது. அதைவிட மிகக் கிட்டவாக ஒருவர் மூச்சுவிடும் சத்தம், மூக்கு அடைபட்டவர் வாயால் இழுக்கும் மூச்சு. மற்றக் காதில் நடுவர் எண்ணுவது கேட்டது. அவர் பத்தை அடைவதற்கு முன் இணைப்பு அறுந்தது.

திரும்பி வந்தபோது வைத்தியரும் வேறு இருவரும் அவர்மேல் குனிந்திருந்தார்கள்.

“பொல்லாத மனுசன், ஏன் கையைக் கீழ போட்டவர்?” என்றார் முதலாளி அண்ணை.

“என்ர போன் அடிச்சது அண்ணை. அதை மணி எண்டு நினைச்சிட்டார்.”

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். “பக்கத்திலதானே நிண்டனான். ஒரு போனும் அடிக்கேல்லைப் பிள்ளை.”

தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். கடைசியாக வந்திருந்த அழைப்பு பூக்கடையிலிருந்து, முதல் நாள் காலையில். அன்றைக்கு எதுவுமே பதிவாகியிருக்கவில்லை.

அடுத்த நாள் ஊரில் எல்லாம் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்தத் திங்களும் செவ்வாயும் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுதப் போவதில்லை. இங்குள்ள எந்தத் தமிழ் வீட்டிலும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புதன்கிழமை வைத்தியசாலைக்குப் போனேன். சாம்பியனின் மூளையில் இரத்தம் கசிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, இனி மேடை ஏற முடியாது என்றார்கள். பார்க்க வேறு யாரும் வந்திருக்கவில்லை. கட்டில் அவருக்குப் போதாமல் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தச் சொன்ன தொலைபேசியை நிறுத்தாமல் விட்டது, வைத்தியரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது, அக்காதான் எடுக்கிறாள் என்று விழுந்தவரைப் பார்க்காமல் குசினிக்குள் போனது, வேறு யாருக்கும் அந்த மணி கேட்காதது, எல்லாம். அழுகையோடு சொன்னேனாக்கும், அவர் தன் பெரிய கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அப்படியென்றால் அடித்தது. எனக்குப் பிழையாகக் கேட்கவில்லை.”

“இல்லை. நானும் கேட்டேன்.”

“இருபது வருடத்தில் என்னோடு சேர்ந்து அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள், மிஸ்,” என்றார். பிறகு, “உங்கள் அக்கா என்ன சொன்னாள்?” என்றார். ஒன்றும் பேசவில்லை என்றேன். அவளைப் பற்றித் தெரிந்தால் தனக்கும் சொல்லும்படி, தன் மகளின் தொலைபேசி எண்ணைச் சாப்பாட்டுப் பட்டியலின் பின்புறத்தில் எழுதித் தந்தார். வார முடிவில் மகள் வந்து அவரை பஃபலோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஏற்பாட்டாளர் அதன் பிறகு எங்கள் மண்டபத்துக்கு வரவில்லை. ஒன்றிரண்டு அமெரிக்கர்கள் பின்னாளில் பட்டம் வென்றார்களாம், நிலைக்கவில்லையாம். எங்கோ வாசித்தேன். மண்டபமும் இப்போது இல்லை. வாடகைக்குச் சாமான் வைக்கும் களஞ்சியமாகிவிட்டது. அந்த வழியால் காரில் போகும்போது, பூட்டிய தகரக் கதவுகளின் வரிசையில் மணமகள் அறை எது என்று என்னால் இன்னும் சொல்லமுடியும். ஆனால் காரை நிறுத்துவதில்லை.

அந்தக் கோடையில், ஒரு மத்தியானம், அக்கா அகதி முகாமிலிருந்து தொலைபேசி எடுத்தாள். அவளும் பிள்ளைகளும் உயிரோடு இருந்தார்கள். அத்தானைப் பற்றித் தெரியாது என்றாள். இன்றுவரை தெரியாது. இருவரும் அழுது முடித்த பிறகு நான் கேட்டேன்.

“அக்கா, முடியிறதுக்கு முதல்நாள் எனக்கு எடுத்தனியே? எடுத்திட்டுக் கதைக்காம விட்டனியே?”

“நான் எங்கால எடுக்கிறது? பங்குனியில உன்னோட கதைச்சதுதான். அதுக்குப் பிறகு ஒரு போனைக் கண்ணால காணேல்லை.”

அன்று பின்னேரமே பஃபலோவுக்கு எடுத்தேன். மகள் அவரிடம் கொடுத்தாள். அக்கா உயிரோடு இருக்கிறாள் என்றேன். கடவுள் பெரியவர் என்றார். நாக்கு முன்னரைவிடத் தடுமாறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்தது அவள் அல்ல என்பதையும் சொன்னேன். மறுமுனையில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

“அப்படியென்றால், மிஸ், அது எனக்கு வந்தது, அவனிடமிருந்து,” என்றார். “நீங்கள் எடுத்துக் கேட்டது நல்லது. நான் என்றால் உடனே துண்டித்திருப்பேன்.”