சேறு படாத பேன்ட்

எங்கள் அடுக்குமாடியில் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவோம். அவர் முறைத்தாலே நெற்கதிர் பயந்துபோய்த் தன் எடையைச் சொல்லிவிடும் என்று நான் கதை கட்டிவிட்டிருந்தேன். அவரும் மறுத்ததில்லை.

அறுவடைக்கு முன் வயலுக்குப் போவது அவர் வேலை. அலுவலகச் சீட்டில் நீளத்தில் இத்தனை அடி, அகலத்தில் இத்தனை அடி என்று இருக்கும். அத்தனையும் எண்ணி உள்ளே நடந்து, ஒரு சிறு சதுரம் அறுத்து, அடித்து, நிறுத்து எழுத வேண்டும். நகரத்துக்குப் பெரும்பாலும் சோறு போட்டது அந்த வயல்கள்தான். அவர் எழுதும் எடையைப் பார்த்தே கூடுதல் அரிசி வரவழைப்பதா வேண்டாமா என்று மேலே முடிவு செய்வார்கள்.

ஒரு வருடம் மனைவிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. சேறான பேன்டை அவரே துவைக்கிறேன் என்றால் விடவும் மாட்டாள்.

“தினமும் பாதி வயலைப் பேன்ட்ல அள்ளிட்டு வர்றீங்க. மீதியையும் கொண்டாந்துடுங்க, பால்கனியிலயே நட்டுடலாம்” என்றாள் சிரித்துக்கொண்டே.

மறுநாளிலிருந்து அவர் சாலையோரம் ஏழாவது அடியோடு நின்றுவிட்டார். வாய்க்கால் தண்ணீர் முதலில் பாய்வது அங்கேதான். கதிர் எப்போதும் கொழுத்திருக்கும்.

மழை பொய்த்த வருடமும் அதே ஏழடிதான். விளைச்சலில் குறையில்லை என்று எழுதினார். கூடுதல் அரிசி வரவில்லை. நாலே மாதத்தில் கடைகளில் காலிச் சாக்குதான் மிச்சம். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தான் அப்போதே சாப்பிட்டாயிற்று என்பாள் மனைவி. ஊர் விளைச்சலையே எடை போட்ட மனிதர் பானைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

பானை காலியாக இருந்ததை மகள்தான் பார்த்தாள். அவள் சொல்லும்போது அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சாதாரணக் காய்ச்சல்தான், தாங்கத்தான் உடம்பில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

மறுவாரம் அவர் பழைய சீட்டோடு அதே வயலுக்குப் போனார். இந்த முறை அடி எண்ணி நடுவரைக்கும் நடந்தார். அறுக்க ஆளில்லாத பதர் அப்படியே நின்றது. தரையில் கால் நுழையும் அளவு வெடிப்பு.

திரும்பியவர் வீட்டுக்குள் போகாமல் என் கதவைத் தட்டினார். குனிந்து பேன்டைத் தட்டிக் காட்டினார்.

“பாருங்கம்மா, வெறும் தூசி. தட்டினா போயிடுது. அன்னிக்கே உள்ள போயிருந்தாலும் அவளுக்குத் துவைக்க ஒண்ணுமே இருந்திருக்காது.”