சிந்திய பால்குடம்

ஜாலான் புசார் தெருவில் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் எங்களுக்கு ஒற்றை அறை. இப்போது அந்தப் பக்கம் போனால் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறேன். பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று கேட்டால் கால் வலி என்று பொய் சொல்வேன். அம்மாவோடு நான் வாழ்ந்தது அங்கேதான், பதினொரு வயது வரைக்கும்.

அம்மாவுக்கு வாய் ஓயாது. துணி காயப்போட்ட மூங்கில் கம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடியே எதிர்மாடிச் சீன அம்மாளோடு மலாயில் வம்பளப்பாள். அவளுடைய மலாயைக் கேட்டு அப்பா தலையில் அடித்துக்கொள்வார். அவ்வளவு பேசியவளின் குரல் எனக்கு இப்போது சரியாக நினைவில் இல்லை. அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

ஒரு மார்கழியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளைகளை உள்ளே விடவில்லை. தைப்பூசத்துக்கு மகள் பால்குடம் எடுப்பாள் என்று அப்பா வேண்டிக்கொண்டார். குடத்தை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அம்மா எழுந்து வந்துவிடுவாள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

பூசத்தன்று காலை அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்கு வந்தார். மஞ்சள் துணி கட்டிய குடத்தை என் தலையில் வைத்து, பக்கத்து அறை அக்காவிடம் என்னை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் டேங்க் ரோடு முருகன் கோயிலை நோக்கி நடந்தேன்.

டோபி காட் பக்கம் காவடி பார்க்க வந்த கூட்டம் நெருக்கித் தள்ளியது. கால் தடுக்கிக் குப்புற விழுந்தேன். துணி அவிழ்ந்து பால் தார்ச்சாலையில் ஓடியது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓரத்தில் சரபத் கடை என்கிற தேநீர்க் கடை போட்டிருந்த பாய்தான் ஓடி வந்தார். தேநீருக்கு ஊற்றும் டின் பாலில் தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடத்தை நிரப்பி, அழாமல் போகச் சொன்னார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் முருகனுக்கு என் பங்கு இனிப்புப் பால்.

மதியம் வீட்டுக்கு வந்தால் படிக்கட்டு முழுக்கச் செருப்புகள். அம்மா போய்விட்டாள் என்றார்கள்.

அதன்பிறகு எந்தத் தைப்பூசத்துக்கும் நான் போகவில்லை. காய்ச்சல், வயிற்றுவலி, பரீட்சை என்று வருஷத்துக்கு ஒரு சாக்கு. அறுபதுகளின் கடைசியில், தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்த பிறகு, எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. நல்லபடியாகக் கூடி வந்திருக்கிறது, ஒரு பால்குடம் எடு என்றார் அப்பா. மாட்டேன் என்றேன். அவர் விடவில்லை. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: விழுந்தது, டின் பால், அம்மாவைக் கொன்றது நான்தான் என்பது வரை.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கம்மா விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாம்மா. அதைச் சொல்லி உன்னைக் கூட்டிப் போகத்தான் கோயிலுக்கு வந்தேன். நீ ஈரப் பாவாடையோட நின்னுக்கிட்டு, குடத்தைத் தூக்கி வைங்கப்பான்னு சொன்ன. எனக்கு வாய் வரல. தீட்டோட பிள்ளையைச் சாமிகிட்ட அனுப்பிட்டேன். பாவம் பண்ணினது நான், நீ இல்ல."

என் மேலிருந்த பழி அந்த நிமிஷமே இறங்கியது. ஆனால் நான் அழுதது நிம்மதியில் அல்ல. நான் நடந்த நேரம் முழுக்க அம்மா உயிரோடு எனக்காகக் காத்திருந்தாள் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்தக் காலைப்பொழுதும் கையைவிட்டுப் போனது. எதுவும் தெரியாமல் அந்த வழியில் இன்னொரு முறை நடக்க முடிந்தால் போதும், விழுந்தாலும் பரவாயில்லை.