வாயில்காப்போன் வாங்காத பொன்

கதைகளில் கொடிய அரசை எதிர்ப்பவனை வில்லனாக்குவது லேசு. அவன் கையில் கொஞ்சம் பொன்னைக் கொடுத்துவிட்டால் போதும். பிறகு அவன் ஏன் எதிர்த்தான் என்று எவனும் கேட்கமாட்டான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குருநகரில் எங்கள் கோயில் திருநாளுக்கு ஒரு கூத்து எழுதினேன். ஓர் அரசன். அவன் நகரை விட்டு வெளியேறுபவர்கள் ஒரு பிள்ளையைப் பிணையாக விட்டுப் போகவேண்டும். வாயில்காப்போன் ஒருநாள் கதவைத் திறந்துவிடுகிறான். அரசன் அவனைக் கொல்கிறான். கதையில் அரசன்தான் நாயகன், வாயில்காப்போன் துரோகி. அந்த வேடம் எனக்கு.

அந்த நாட்களில் நாங்களும் ஊரை விட்டுப் போக, ஊரை ஆண்ட ஆயுத இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும், ஆள் பிணை வைக்கவேண்டும். இயக்கத்தில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர் ஒத்திகை பார்க்க வந்தார்.

"உவன் ஏன் கதவைத் திறக்கிறான்?"

"எந்தப் பிள்ளையை விடுறதெண்டு ஒரு தாய் அவனிட்டைக் கேக்கிறா. அவனுக்கு மனம் கேக்கேல்லை."

"துரோகிக்கு என்ன மனம்? எதிரியிட்டைப் பொன் வாங்கினவன் எண்டு போடும்."

"எப்பிடியும் சாகத்தானே போறான் அண்ணை. காரணத்தையாவது விடுங்கோ."

"செத்தவனைப் பாத்து ஒருத்தரும் ஐயோ எண்டு சொல்லக்கூடாது. மாத்தாட்டில் கூத்தும் இல்லை, நீரும் எங்கடை இடத்துக்கு வந்து கதைக்கவேண்டி வரும்."

கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் என்னைத் தனியே இழுத்தார். "மாத்தித் துலையடா. போனவங்கள் எத்தினை பேர் திரும்பி வந்தவங்கள்?"

மாற்றினேன்.

இரவு விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாததால் பின்னேரமே கூத்துத் தொடங்கியது. பொறுப்பானவர் முன்வரிசையில் இருந்தார். நான் பாடினேன்: "எதிரி தந்த பொன்னுக்காக வாயில் திறந்தேன் நானே."

கூத்தில் நடிகன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடவேண்டும். எங்கள் பிற்பாட்டுக்காரர் நாலு பேரும் வலை இழுக்கிற கிழவர்கள். மாதக்கணக்காகக் காதால் கேட்டுப் பழகியவர்கள். மத்தளம் விழுந்ததும் வாய் பழைய தடத்திலேயே ஓடியது.

"எந்தப் பிள்ளையை விட்டுப் போவேன் என்றொரு தாய் கேட்டாளே!"

சனம் அசையவில்லை. ஒரு பெண் மட்டும் முந்தானையை வாயில் அடைத்தாள். அவள் யாரைப் பிணை வைத்தாளோ, எனக்குத் தெரியாது. அண்ணாவியார் தாளத்தை விடவில்லை. அடுத்த அடி என்னுடையது. புதியது நினைவிலிருந்தது. ஆனாலும் பழையதைப் பாடினேன்.

"கேட்ட காதை வைத்துக்கொண்டு பூட்டுவேனோ மீண்டும்!"

முடிந்ததும் பொறுப்பானவர் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"என்ன நடந்தது?"

"வயசு போனதுகள் தம்பி," என்றார் அண்ணாவியார். "புதுசு ஏறாது."

பொறுப்பானவர் என் பக்கம் திரும்பினார். "உமக்குமோ வயசு போட்டுது?"

நான் வேடத்தைக் கழற்றத் தொடங்கினேன். அவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டு வாசல் படலையில் யார் சைக்கிளைச் சாய்த்தாலும் சாப்பிடுகிற கையோடே எழுந்து நின்றேன்.