விதை பதித்த மண்வில்லைகள்

கட்டெறும்பு காலைக் கடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி செல்லம்மாள் அது தெரியாமல் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் தட்டிவிட்டேன். "கால் மரத்துக் கெடக்குங்க. ஈரத்துல நின்னதால இருக்கும்" என்றாள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவள் விரல்களிலிருந்து கரண்டி நழுவத் தொடங்கியது. கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. நாங்கள் கப்பலேறிப் பிழைக்க வந்த இந்த ஊரின் சிராங்கூன் சாலையில் மாட்டுவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டிரஸ்ஸர் (மருத்துவரின் உதவியாளர்) தமிழர். "வீட்டுல என்ன அரிசி?" என்று கேட்டார்.

"சியாம் அரிசிங்க. மல்லிப்பூ மாதிரி வெள்ளை." பெருமையாகவே சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இது பெரிபெரி (கைகால் நரம்பு சோர்ந்து உணர்ச்சி போகும் நோய், முற்றினால் இதயத்தையும் பிடிக்கும்) என்றார். தீட்டிய அரிசியில் தவிட்டோடு சத்தும் போய்விடுமாம். "நம்ம ஜனங்க புழுங்கலரிசி திங்கிறதால இது அதிகம் வர்றதில்ல. யாருய்யா உனக்குச் சொன்னது, வெள்ளையா வாங்குன்னு?"

யாரும் சொல்லவில்லை. மளிகைக்கடையில் மூட்டை தூக்கியவன் தராசு பிடிக்கிறவனானதும், கூலிக்காரச் சோறு இனி நம் வீட்டில் எதற்கு என்று நானேதான் புழுங்கலை நிறுத்தினேன். பகலில் கடையில் நான் சாப்பிட்டதோ அதே புழுங்கல் சோறு. எல்லா வேளையும் வெள்ளைச் சோறு தின்றவள் அவள்.

"இதயம் தாங்கிட்டா கைகால் திரும்பும். நாளாகும்" என்றார் டிரஸ்ஸர். புழுங்கலரிசிக் கஞ்சி, பாசிப்பயறு, கீரை. விரல்களுக்கு வேலை கொடுக்கவும் சொன்னார்.

வீட்டின் பின்புறம் பயறு, கீரை எல்லாம் விதைத்தேன். எந்தப் பாத்தியில் என்ன என்று நட்ட குச்சிகளைக் கறையான் தின்றுவிட்டது. கறையான் தின்னாத அடையாளம் வைக்கச் செங்கல் சூளைப் பக்கமிருந்து களிமண் கொண்டுவந்து செல்லம்மாளிடம் கொடுத்தேன். உள்ளங்கை அளவு வில்லைகளாகத் தட்டினாள். அவளுக்கு எழுத்து தெரியாது, நானும் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அந்தந்த விதையையே ஈரமண்ணில் அழுத்தி எடுத்தால் அச்சு விழுமே என்றாள். கீரை விதை பொடி என்பதால் அதற்கு மட்டும் இலை.

பயறு அவள் விரல்களுக்குள் நிற்காது. பிடித்திருக்கிறாளா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். எடுத்துக்கொடுக்கப் போனால், "வுடுங்க, போய்க் களை புடுங்குங்க" என்பாள்.

"உன் கை போனது என்னாலதான்" என்றேன் ஒருநாள்.

"பக்கத்து வூட்டுக்காரி பாக்கட்டும்னு கதவத் தொறந்து வெச்சு அந்தச் சோத்தத் தின்னவ நான். பாவத்துல எனக்கும் பங்கு வையுங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு எட்டு நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. டிரஸ்ஸர் சொன்ன இதயம்தான் என் நினைப்பில் நின்றது.

காய்ந்த வில்லைகளை உமித் தணலில் சுட்டோம். ஒரு மாலை, ஆறிவிட்டதென்று ஒன்றை எடுத்தவள் "ஐயோ, சுடுது!" என்று அலறி உதறினாள். வில்லை உடைந்தது. ஓடிப்போய் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, "எந்த எடத்துல? நல்லா சுடுதா? இன்னும் சுடுதா?" என்று கேட்கிறேன்.

"பைத்தியமா உங்களுக்கு? தண்ணி கொண்டாங்க!" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்கும் புரிந்துவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பெண்டாட்டிக்குச் சுட்டதற்காகச் சந்தோஷப்பட்டு நின்றவன் நான்.

இந்த நோயோடு வீட்டில் ஒருவரை வைத்திருப்பவர்களே, வலிக்கிறது என்று அவர்கள் சொன்னால் பயப்படாதீர்கள். உணர்ச்சி விரல் விரலாகத்தான் வரும்.

மூச்சு இப்போது சீராகிவிட்டது. இடது சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. முளை, பூ, காய் என்று பாத்திகளின் கணக்கில்தான் எங்களுக்கு நாள் போகிறது. விடியலில் அவள் எழுமுன் என் சுண்டுவிரலைக் கிள்ளிப் பார்க்கிறேன். வலிக்கிறது. அவளுக்கு வராத வலி எனக்கு வருவது தினமும் கூச்சமாகத்தான் இருக்கிறது.